செட்டிநாட்டுக் குழாய்த் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், புதுவயல் என்று எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீரைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஊரில் நிரந்தரமாக இருப்பவர்களின் கவலை ஒரு விதம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒரு முறை வந்து வீட்டைத் திறப்பவர்களின் கவலை வேறு விதம். இரு தரப்புக்கும் இங்கே பதில் உண்டு.

எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. காரைக்குடி நகருக்குப் பல தலைமுறைகளாகச் சோறு வடித்ததும் காப்பி போட்டதும் சம்பை ஊற்று என்னும் நிலத்தடி ஊற்றின் தண்ணீரில்தான். அங்குள்ள ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுத்து, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றித் தெருக்களுக்கு விடுகிறார்கள். சுற்றியுள்ள ஊர்களில் ஊராட்சியோ பேரூராட்சியோ போட்ட ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன. இவை தவிர, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியிலிருந்து எடுத்துப் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் உண்டு. பல ஊர்களில் இரண்டு தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து வருகின்றன. அதனால்தான் ஒரு நாள் ஒரு சுவையும் மறுநாள் வேறு சுவையுமாக இருக்கிறது.

உங்கள் தெருவுக்கு எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதைத் தண்ணீர் திறந்துவிடும் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவுக்கு அலுவலகத்துக் கோப்புகளுக்குத் தெரியாது.

சம்பை ஊற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறதே! அப்படியே குடித்தால் என்ன?

அந்தப் பெருமை நியாயமானதுதான். செம்புரான் என்னும் செந்நிறப் பாறையும் மணலும் மழைநீரை வாங்கி, மெல்ல வடிகட்டி, உப்பு அதிகம் ஏறாமல் கீழே சேர்த்து வைத்திருப்பதால்தான் இந்தச் சுவை கிடைக்கிறது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத சீமைக்குக் கிடைத்த பெரும் கொடை அது.

ஆனால் நாக்கு சொல்வது உப்பைப் பற்றி மட்டும். டைபாய்டு கிருமிக்குச் சுவை கிடையாது. மஞ்சள் காமாலை வைரஸுக்கு நிறமோ வாடையோ கிடையாது. நைட்ரேட்டும் ஃபுளோரைடும் தண்ணீரில் கரைந்திருப்பதை எந்த நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஊற்றில் எடுக்கும்போது சுத்தமாக இருந்த தண்ணீர், பல கிலோமீட்டர் குழாய், பழைய இணைப்புகள், சாக்கடை ஓரமாகப் போகும் தெருக்குழாய், உங்கள் வீட்டு நிலத்தடித் தொட்டி, மாடித் தொட்டி, அதற்கும் பிறகு குடத்துக்குள் போகும் கை ஆகிய அனைத்தையும் தாண்டித்தான் டம்ளருக்கு வருகிறது. கெடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

நம் ஊர்களில் தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் வருவதில்லை. முறை வைத்து விடுகிறார்கள். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி அழுத்தம் இறங்கிவிடும். அப்போது விரிசலோ தளர்ந்த இணைப்போ இருந்தால், வெளியே தேங்கியிருக்கும் அழுக்கு நீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி திறக்கும்போது அதுவும் சேர்ந்து வீட்டுக்கு வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஊற்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ நம்பகமான முறையில் கிருமி நீக்கியோ குடிக்கச் சொல்கிறேன். குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தவறவிடவே கூடாது.

ஊற்றைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மழை இறங்கும் நிலத்தில் குப்பையைக் கொட்டினாலும், கழிவுநீரை விட்டாலும், அது ஒரு நாள் கீழே போய்ச் சேரும். நிலத்தடி நீர் ஒரு முறை கெட்டுவிட்டால் அதைச் சுத்தப்படுத்தப் பல ஆண்டுகள் பிடிக்கும். சம்பை ஊற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பதைக் காரைக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டுக் காரியமாகவே நினைக்க வேண்டும்.

குளோரின் வாடை வந்தால் அந்தத் தண்ணீர் கெட்டது என்று அர்த்தமா?

இல்லை. இலேசான குளோரின் வாடை வந்தால் நிம்மதி அடையுங்கள். வாடையே இல்லாமல் வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 சொல்கிறது. வழியில் ஏதேனும் கிருமி புகுந்தால் அதைக் கொல்வதற்கான காவல் அது. வெகுதூரம் வரும் தண்ணீரில் இந்தக் குளோரின் வழியிலேயே தீர்ந்துபோகக்கூடும். கடைசித் தெருக்களில் வயிற்றுப்போக்கு முதலில் தலைகாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாடை பிடிக்கவில்லை என்றால், மெல்லிய துணியால் மூடிய பாத்திரத்தில் சில மணி நேரம் வையுங்கள், போய்விடும். கொதிக்க வைத்தாலும் போய்விடும். அப்படிப் போன பிறகு தண்ணீருக்குக் காவல் இல்லை என்பதால் அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள்.

தண்ணீர் சில நாள் செந்நிறமாக வருகிறதே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று இரும்பு. செம்புரான் மண் இரும்புச் சத்து நிறைந்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும்போது தெளிவாக இருந்து, காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் பழுப்பாகி அடியில் படிந்தால் அது இரும்புதான். வேட்டியில் கறை பிடிக்கும், சுவை கெடும், ஆனால் உடலுக்குப் பெரிய ஆபத்து இல்லை. வைத்துத் தெளியவிட்டு மேலாக எடுத்துக்கொள்ளலாம். தரநிலை அனுமதிக்கும் இரும்பின் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

இன்னொன்று மண் கலங்கல். தெருவில் பாதாளச் சாக்கடைக்கோ கேபிளுக்கோ தோண்டிய மறுநாள் கலங்கலாக வந்தால், குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தெளியவைத்துக் குடிப்பது தவறு. கலங்கல் துகள்களுக்குள் கிருமிகள் ஒளிந்துகொள்வதால் குளோரினும் சரியாக வேலை செய்யாது. அன்றைய தண்ணீரைத் தொட்டியில் ஏற்றாமல் வெளியே விட்டுவிட்டு, உடனே புகார் செய்யுங்கள்.

எல்லாரும் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். நாங்கள் மட்டும் வைக்காமல் இருந்தால் எங்களுக்குத் தண்ணீர் கிடைக்காதே?

தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைப்பது விதிமீறல். அதைவிட, அது உங்கள் குடும்பத்துக்கே ஆபத்து. மோட்டார் இழுக்கும்போது குழாயினுள் உண்டாகும் உறிஞ்சல், ஓட்டை உடைசல் வழியாகச் சாக்கடை நீரையும் சேர்த்து இழுக்கும். மோட்டார் வைத்த வீட்டுக்குத்தான் அந்த நீர் முதலில் வரும். அடுத்த வீட்டு ஆயாவுக்கு ஒரு குடம் கூட ஏறாமல் போவது தனிப் பாவம்.

சரியான வழி இது: தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு நிலத்தடித் தொட்டி கட்டுங்கள். தண்ணீர் தானாக அதில் விழட்டும். அந்தத் தொட்டியிலிருந்து மாடிக்கு மோட்டார் வைத்து ஏற்றுங்கள். தொட்டியின் மூடி தரையைவிட ஓர் அடியாவது உயர்ந்து, இறுக்கமாக இருக்க வேண்டும். வாசல் தெளித்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கக் கூடாது.

விற்பனையாளர் ஒருவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டி, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. கருவி வாங்காவிட்டால் ஆபத்து என்கிறார். வாங்கலாமா?

அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே. அதில் ஒரு கிருமியைக்கூட எண்ண முடியாது. சாக்கடை கலந்த தண்ணீர் 300 காட்டலாம், குடிக்கத் தகுந்த நல்ல கிணற்று நீர் 700 காட்டலாம். தண்ணீருக்குள் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் கறுப்பாக்கிக் காட்டுவதும் உண்டு. அந்தக் கறுப்பு கம்பி கரைந்து வருவது. அதைப் பார்த்துப் பயந்து காசோலை எழுத வேண்டாம்.

தரநிலையின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. 500-க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் உத்தரவிட்டது. காரணம், ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியே போகிறது. உடம்புக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே போகின்றன. கோடையில் குடத்துக்கு வரிசை நிற்கும் ஊரில் இது மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

உங்கள் ஆழ்துளைக் கிணறு உவர்ப்பாக இருந்தாலோ, பரிசோதனையில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ அளவு மீறி வந்தாலோ ஆர்.ஓ. அவசியம். அப்போது தயங்காமல் வாங்குங்கள். நல்ல சுவையுள்ள நகராட்சித் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கொதிக்க வைப்பதோ, புற ஊதாக் கதிர் வடிகட்டியோ போதும். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம்.

பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. சிறுநீரகக் கல் வருமா?

அது கடினத்தன்மை. கால்சியம், மக்னீசியம் உப்புகள். பருப்பிலுள்ள பெக்டின் என்னும் பசைப் பொருளோடு கால்சியம் சேர்ந்துகொள்வதால் பருப்பு வேக மறுக்கிறது. சோப்பு நுரைக்காததற்கும் இதுவே காரணம். விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், மாற்று இல்லாவிட்டால் 600 வரை. கடின நீரால்தான் கல் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. வெயிலில் வேலை செய்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்கு மிக முக்கியமான காரணங்களில் ஒன்று.

எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?

தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம். அவ்வளவுதான். இருபது நிமிடம் கொதிக்கவிட்டுக் கேஸை வீணாக்க வேண்டாம். கொதிக்க வைத்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றும்போதுதான் பல வீடுகளில் கிருமி மறுபடி ஏறுகிறது. கை உள்ளே போகாதபடி நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியோ குழாய் வைத்த பாத்திரமோ வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிக்க வைத்தால் உப்பும் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும்.

பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவிலும் செம்புக் குடத்திலும் தண்ணீர் வைக்கலாமா?

செம்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்த தண்ணீரில் பலவகைக் கிருமிகள் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல பழக்கம்தான். ஆனால் அதை மட்டுமே நம்பிச் சந்தேகமான தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரைச் செம்பில் ஊற்றி வையுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர் எதையும் அதில் வைக்கக் கூடாது. புளிப்புப் பட்டால் செம்பு அதிகமாகக் கரையும்.

பித்தளையில் செம்பும் துத்தநாகமும் மட்டும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பழைய பித்தளையில் காரீயம் கலந்திருக்கலாம். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயத்திலும் மலிவுக்காகக் காரீயம் கலப்பவர்கள் உண்டு. குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது நஞ்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் வாங்கிய அண்டாவை முகப்பில் அழகுக்கு வையுங்கள். குடிக்கும் தண்ணீருக்கு எவர்சில்வரே போதும்.

தேத்தாங்கொட்டை தேய்த்தால் சுத்தமாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

கலங்கல் தெளியும். பானையின் உட்புறம் கொட்டையைத் தேய்த்துவிட்டு ஊருணித் தண்ணீரை ஊற்றினால், மண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் இறங்கிவிடும். முருங்கை விதைக்கும் இந்தக் குணம் உண்டு. படிகாரம் செய்யும் வேலையை நம்மவர்கள் விதையால் செய்துகொண்டார்கள். துகளோடு ஒரு பகுதிக் கிருமிகளும் கீழே இறங்கும், ஆனால் எல்லாம் போகாது. தெளிந்த நீரை வடித்துக் கொதிக்க வைத்தால் முறை முழுமையாகும்.

ஆண்டுக்கு இரண்டு முறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வீட்டைத் திறக்கிறோம். தண்ணீருக்கு என்ன செய்ய வேண்டும்?

செட்டிநாட்டில் கேட்கப்படும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் குழாய்களிலும் தொட்டியிலும் நிற்கும் தண்ணீரில் குளோரின் சில நாட்களிலேயே போய்விடும். அதன் பிறகு பாசியும் கிருமியும் வளரும். பல்லி, எலி, கரப்பான் விழுந்து கிடக்கும். பித்தளைக் குழாய் முனைகளிலிருந்து உலோகம் கரைந்திருக்கும். திறந்த அன்றே பங்காளிகள் நூறு பேர் வந்து அந்தத் தண்ணீரில் காப்பி குடிப்பார்கள். விசேஷம் முடிந்து ஊர் திரும்பிய பின் வயிற்றுப்போக்கு வந்தால் எல்லாரும் சமையல்காரரைத்தான் குறை சொல்வார்கள்.

விசேஷத்துக்கு நான்கைந்து நாள் முன்பாவது ஒருவர் வந்து வீட்டைத் திறக்க வேண்டும். முதலில் நிலத்தடித் தொட்டியையும் மாடித் தொட்டியையும் முழுக்க வடித்து, அடியில் படிந்த சேற்றை அள்ளி, தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். நிலத்தடித் தொட்டிக்குள் ஆள் இறங்குவதென்றால் மூடியை வெகுநேரம் திறந்து வைத்துக் காற்றோட்டம் வந்த பிறகே இறங்க வேண்டும். மேலே இன்னொருவர் நின்றுகொண்டிருக்க வேண்டும். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுக் காற்று இல்லாமல் உயிர் போயிருக்கிறது.

கழுவிய பின் தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பி, 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் தரமான பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வீட்டின் ஒவ்வொரு குழாயையும் திறந்து குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு, சமையல் கட்டு, தோட்டத்துக் குழாய் வரை ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. இருபத்து நான்கு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இது குழாயையும் தொட்டியையும் சுத்தப்படுத்தும் அளவு, குடிக்கும் அளவு இல்லை. ஆகவே யாரும் அதைக் குடிக்காதபடி பார்த்துக்கொண்டு, மறுநாள் முழுவதையும் வெளியேற்றிப் புதிய தண்ணீரால் அலசிய பின்பே பயன்படுத்த வேண்டும். அந்தத் தண்ணீரைக் கிணற்றிலோ ஊருணியிலோ விடாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்தால் நச்சு வாயு வரும், இரண்டும் ஒரே வாளியைத் தொடவே கூடாது.

நீண்ட நாள் ஓடாத ஆர்.ஓ. கருவியின் வடிகட்டிகளை மாற்றாமல் பயன்படுத்த வேண்டாம். ஊருக்குத் திரும்பும்போது தொட்டிகளை வடித்துவிட்டு, மூடிகளை இறுக்கி, வளவில், அதாவது நடு முற்றத்தில், மழை தேங்கும் அண்டாக்களைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான். பூட்டிய வீட்டில் வளரும் கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும்.

வீட்டுக் கிணற்றை மறுபடி பயன்படுத்த முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். பின்கட்டில் கிணறு இல்லாத பழைய வீடு இங்கே அரிது. முதலில் தூர் வாருங்கள். கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் தண்ணீர் தேங்காத சிமென்டுத் தளமும், கம்பி வலை மூடியும் இருக்க வேண்டும். கழிவுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் புதிதாகக் கட்டும் கழிப்பறையையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

கிணற்றுக்குக் குளோரின் இடும் கணக்கு எளிது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் சுமார் 24 கிராம். வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிவை இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். மாலையில் போட்டுக் காலையில் இறைப்பது இன்னும் வசதி. தண்ணீர் அழுக்காக இருந்தால் இந்த அளவு போதாமல் போகும், எஞ்சிய குளோரினைப் பார்த்துக் கூட்ட வேண்டும். வெகு நாள் திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள்.

கிருமியை இது தீர்க்கும். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு என்னவென்று தெரியப் பரிசோதனைதான் வழி.

ஊருணித் தண்ணீர்?

குடிப்பதற்கென்று ஓர் ஊருணி, குளிப்பதற்கென்று வேறொன்று என்று பிரித்து, குடிநீர் ஊருணியில் கால்கூட நனைக்காமல் காத்த ஊர்கள் இவை. வரத்துக்கால் அடைபட்டு, சாக்கடை கலந்த ஊருணிகளின் நீரை இன்று நேரடியாகக் குடிக்கக் கூடாது. ஆனாலும் ஊருணி நிரம்பினால் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும், உவர்ப்புக் குறையும். வரத்துக்காலைத் தூர் வாருவதும் கழிவுநீர்க் குழாயை ஊருணியிலிருந்து திருப்பிவிடுவதும் குடிநீர் வேலைதான்.

வளவில் விழும் மழைநீரைப் பிடித்துக் குடிக்கலாமா?

நான்கு பக்க ஓட்டுக்கூரையும் வளவை நோக்கிச் சரியும் வீடு மழை பிடிக்கவே கட்டியது போலத்தான் இருக்கிறது. முதல் மழையை விட்டுவிடுங்கள், ஓட்டிலுள்ள தூசியும் புறா எச்சமும் அதில் போகட்டும். பிறகு வருவதைத் துணியில் வடித்து மூடிய தொட்டியில் சேர்த்து, கொதிக்க வைத்துக் குடிக்கலாம். பருப்பு பூப்போல வேகும். மிஞ்சியதைக் கிணற்றருகே உறிஞ்சு குழியில் விடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்த ஆண்டு அவசரமாகக் கட்டிய குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன, ஆவணியிலேயே திறந்து பாருங்கள்.

இருபது லிட்டர் கேன் பாதுகாப்பானதா?

நல்ல நிறுவனத்தினுடையது என்றால் ஆம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் உரிம எண் 14 இலக்கம், நிரப்பிய தேதி, உடையாத சீல் மூன்றையும் பாருங்கள். கேன் கீறலும் மங்கலுமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கடை வாசலில் வெயிலில் காய்ந்த கேன் வேண்டாம். வீட்டில் அதைக் கவிழ்த்து வைக்கும் மண்பானையையும் பீங்கான் ஜாடியையும் பலர் மாதக்கணக்கில் கழுவுவதில்லை. வாரம் ஒரு முறை கழுவுங்கள்.

கல்யாணத்துக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறோம்.

எந்தக் கிணற்றில் எடுத்தது என்று கேளுங்கள். குளோரின் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, லாரி வந்ததும் ஒரு சிறு குழாயில் பிடித்து நிறம் பாருங்கள், ஒரு நிமிட வேலை. சமையலுக்கு ஆகலாம். பந்தியில் டம்ளரில் ஊற்றும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஐஸ் கட்டிக்கும் இதே கவனம் வேண்டும், மீன் பெட்டிக்கு வரும் ஐஸை சர்பத்தில் போடக் கூடாது.

கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தனிக் கவனம் வேண்டுமா?

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், கோடையிலும் தண்ணீர் தேவையில்லை. பால்பவுடர் கரைத்துக் கொடுக்க நேர்ந்தால், பரிசோதிக்காத கிணற்று நீரைக் கண்டிப்பாகத் தவிருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் பச்சிளம் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயலாம். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் இ வகைக் காமாலை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். அது தண்ணீர் வழியாகப் பரவுவது. மருமகள் வளைகாப்புக்கு வந்திருக்கும் வீட்டில் வெந்நீர் கேட்டால் யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீரை எங்கே பரிசோதிப்பது? மாதிரி எப்படி எடுப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் உள்ளன, கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் மாதிரி கொடுக்கலாம். ஊராட்சிகளில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் களச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

உப்பு வகைகளுக்கு, இரண்டு லிட்டர் சுத்தமான கேனை அதே தண்ணீரால் பலமுறை அலசிப் பிடித்தால் போதும். கிருமிச் சோதனை அப்படியில்லை. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் மட்டுமே பிடிக்க வேண்டும். அந்தப் பாட்டிலை அலசக் கூடாது, உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும். குழாய் முனையைத் துடைத்து, நெருப்பில் வாட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. 24 மணி நேரம் தாண்டினால் முடிவுக்கு மதிப்பில்லை. அறிக்கையில் 100 மில்லி லிட்டரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி இல்லை என்று இருக்க வேண்டும். இதில் சலுகை அளவு எதுவும் கிடையாது.

கிணற்று நீரை ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரையில் ஒன்றும் மழை முடிந்த தை மாதத்தில் ஒன்றுமாகச் சோதித்து, அறிக்கைகளை வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தண்ணீர் கெட்டால், எப்போதிலிருந்து கெட்டது என்று காட்ட அந்தக் காகிதங்கள் வேண்டும்.

குழாயில் சாக்கடை வாடை வருகிறது. யாரிடம் சொல்வது?

முதலில் குடிப்பதை நிறுத்துங்கள், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுங்கள். எத்தனை வீடுகளில், எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் என்றால் உங்கள் தொட்டியையும் இணைப்பையும் பாருங்கள். தெரு முழுக்க என்றால் காரைக்குடியில் மாநகராட்சி அலுவலகம், மற்ற இடங்களில் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசைவு இல்லை என்றால் முதலமைச்சரின் உதவி எண் 1100-இல் பதியலாம். வயிற்றுப்போக்கோ காமாலையோ இரண்டு மூன்று பேருக்கு வந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அன்றே தகவல் சொல்ல வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

உங்கள் பகுதித் தண்ணீரின் பரிசோதனை முடிவுகளைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கலாம். விண்ணப்பத்தில் தொட்டியின் பெயர், காலம், எஞ்சிய குளோரின் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.